அட்டவணையில் 'இது அல்லது அது' என்று கேட்டால் எந்த வழியில் போடுவது?

ட்ரையல் தேர்வு நெருங்கினால் போதும், பினாங்கில் பட்டர்வொர்த், பிறைப் பக்கம் கணக்கு டியூஷன் எடுக்கிறவர்களின் வாட்ஸ்அப்பில் இந்த நிகழ்தகவுக் கேள்வி வந்து நிற்கும்: "சார், டேபிள் கொடுத்து ஏ அல்லது பி கேட்டா, சும்மா கூட்டணுமா, கூட்டிக் கழிக்கணுமா, இல்ல படம் போடணுமா?" பள்ளியில் ஆசிரியர் சூத்திரம் எழுதிப் போட்டிருப்பார். டியூஷனில் வென் படம் வரையச் சொல்லியிருப்பார்கள். யூடியூபில் யாரோ ஒருவர் ஒன்றிலிருந்து கழித்து இரண்டே வரியில் விடையைக் காட்டியிருப்பார். பிள்ளை மூன்றையும் அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு நடுவில் முழிக்கும்.

எந்த வழியில் போனாலும் ஒழுங்காகப் போனால் ஒரே விடைதான். ஆனால் எல்லா அட்டவணைக்கும் எல்லா வழியும் ஒத்துவராது. என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: உள்கட்டங்களோடு முழு அட்டவணையும் கையில் இருந்தால், கட்டங்களை எண்ணுவதுதான் நல்லது. சூத்திரம் அதற்கு அடுத்தது. எங்கே இது எடுபடாது என்பதையும் கீழே சொல்கிறேன்.

பேச்சுக்கு ஒரு கடை

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆயர் ஈத்தாம் பக்கத்தில் ஓர் ஒட்டுக்கடை. 120 பேர் பசியாற வந்தார்கள், ஆளுக்கு ஒரு சாப்பாடு, ஒரு பானம் என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் சாப்பாடு, மேலே பானம்; எண்கள் நான் கணக்குக்காகப் போட்டவை. கடைக்காரர் யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

| | தே தாரிக் | கோப்பி ஓ | மைலோ | மொத்தம் |
|---|---|---|---|---|
| ரொட்டி சானாய் | 28 | 9 | 11 | 48 |
| தோசை | 18 | 12 | 6 | 36 |
| நாசி லெமாக் | 10 | 11 | 3 | 24 |
| இட்லி | 4 | 8 | 0 | 12 |
| மொத்தம் | 60 | 40 | 20 | 120 |

இந்த 120 பேரில் ஒருவரைக் குலுக்கல் முறையில் எடுக்கிறோம். அவர் ரொட்டி சானாய் அல்லது தோசை சாப்பிட்டவராக இருக்க நிகழ்தகவு என்ன? ரொட்டி சானாய் அல்லது தே தாரிக் என்றால்? பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இந்த இரண்டு கேள்விகளில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள்.

எதை வைத்து எடை போடுவது

எஸ்.பி.எம். (மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் அரசுத் தேர்வு) கணிதம் முதல் தாளில் ஒன்றரை மணி நேரத்தில் 40 கேள்விகள். ஒரு கேள்விக்கு இரண்டேகால் நிமிடம். எனவே முதல் அளவுகோல் வேகம். இரண்டாம் தாள் இரண்டரை மணி நேரம், 100 மதிப்பெண்; அங்கே செய்முறைக்கும் மதிப்பெண் உண்டு என்பதால், எழுதிய வரிகளைப் பார்த்துத் திருத்துபவருக்கு வழி புரிய வேண்டும். அது இரண்டாவது.

மூன்றாவதாக நான் பார்ப்பது, ஒரு தவறு நடந்தால் அந்த வழி அதைக் காட்டிக்கொடுக்குமா, மூடி மறைக்குமா என்பது. வேகத்தைவிட இதற்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். நான்காவது, என்ன தகவல் தேவை: உள்கட்டங்கள் வேண்டுமா, ஓர மொத்தம் மட்டும் போதுமா? கடைசியாக, கேள்வி ஓர் ஆளிலிருந்து இரண்டு ஆளுக்குப் போனால் அந்த வழி கூடவே வருமா என்பது.

சேர்க்கும் முன்: விலக்குகிறதா?

எந்த வழியை எடுத்தாலும் இந்தப் படியைத் தாண்ட முடியாது. இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே ஆளிடம் ஒருசேர நடக்கவே முடியாது என்றால், அவை ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள். வினாத்தாளில் மலாயில் 'சாலிங் எக்ஸ்குளுசிஃப்' என்று வருவது இதுதான். படிவம் 4 கணிதத்தில் 9-ஆம் அத்தியாயம்.

அட்டவணையில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரே கேள்விக்கான இரண்டு பதில்கள் ஒன்றையொன்று விலக்கும். 'என்ன சாப்பிட்டீர்கள்?' என்ற கேள்விக்கு ரொட்டி ஒரு பதில், தோசை ஒரு பதில். ஆளுக்கு ஒன்றுதான் என்பதால் இரண்டும் ஒரே ஆளிடம் சேராது. 'என்ன குடித்தீர்கள்?' என்பது வேறு கேள்வி. ரொட்டி சாப்பிட்டவர் தே தாரிக்கும் குடிக்கலாம், 28 பேர் குடித்தும் இருக்கிறார்கள். ஆகவே இரண்டும் இடப்பக்கத் தலைப்பில் இருந்தால், அல்லது இரண்டும் மேல் தலைப்பில் இருந்தால், தைரியமாகக் கூட்டலாம். ஒன்று இடப்பக்கம், இன்னொன்று மேலே என்றால் நிரையும் நிரலும் வெட்டிக்கொள்ளும் கட்டத்தைப் பார்க்காமல் பேனாவை எடுக்காதீர்கள்.

இந்த விதியை ஏமாற்றுகிற அட்டவணைகளும் உண்டு. 'எத்தனை வேண்டுமானாலும் குறியிடலாம்' என்று கேட்ட கணக்கெடுப்பில் ரொட்டியும் தோசையும் ஒரே தட்டில் வாங்கியவர் இரண்டு நிரையிலும் வருவார். ஆட்கள் 120, சாப்பாட்டு மொத்தம் 150 என்று இருந்தால் உடனே தெரிந்துவிடும். மொத்தம் 120-ஆகவே இருந்தாலும் முழுதாக நம்ப முடியாது: ஒருவர் வெறும் கோப்பியோடு எழுந்து போய், இன்னொருவர் இரண்டு சாப்பிட்டால் எண்ணிக்கை சமமாகிவிடும். தலைப்பின் கீழே பொடி எழுத்தில் இருக்கும் குறிப்பைப் படித்துத்தான் ஆக வேண்டும். 'குறைந்தது 5 ரிங்கிட்', 'குறைந்தது 10 ரிங்கிட்' என்று தலைப்புகள் வந்தாலும் இதே கதைதான். 12 ரிங்கிட் செலவழித்தவர் இரண்டிலும் இருக்கிறார்.

தேர்வோடு இது முடிந்துவிடுவதும் இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் தொடங்கியதிலிருந்து நம் வீடுகளில் யாராவது ஒருவர் தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்திருப்பார். அவர்களைக் கேளுங்கள். 1,000 மின்னணுச் சில்லுகளில் கீறல் 30, வளைந்த கால் 20, அச்சுப் பிழை 10 என்று பழுது அட்டவணை சொன்னால், பழுதென்று ஒதுக்கியவை 60 என்று எழுதுவது புது ஆள். ஒரே சில்லில் கீறலும் வளைந்த காலும் சேர்ந்தே இருக்கலாம்; பெட்டியில் கிடப்பது 52-ஆகக்கூட இருக்கும். பழுதுகளின் எண்ணிக்கையும் பழுதான பொருட்களின் எண்ணிக்கையும் வேறு வேறு.

இன்னொரு நுணுக்கம், இட்லியும் மைலோவும். வெட்டும் கட்டத்தில் 0. இந்த 120 பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிற சோதனைக்கு இவை ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளே; 12 + 20 = 32, விடை 32/120, அதாவது 4/15. ஆனால் நாளைக் காலை கடைக்கு வரும் முதல் ஆளைப் பற்றிய கேள்வி என்றால் அப்படிச் சொல்ல முடியாது. இட்லிக்கு மைலோ குடிக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, அன்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். 'ரொட்டியா தோசையா' என்பது விதியால் விலகுவது. 'இட்லியா மைலோவா' என்பது தரவில் தற்செயலாக விலகியது. வினாத்தாள் 'இவர்களில் ஒருவர்' என்கிறதா, 'ஒரு வாடிக்கையாளர்' என்று பொதுவாகப் பேசுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வழி 1: கட்டங்களை எண்ணுவது

பென்சிலால் ரொட்டி நிரையை லேசாகத் தீட்டுங்கள். அதன் மேல் தே தாரிக் நிரலைத் தீட்டுங்கள். 28 இருக்கும் கட்டம் மட்டும் இரட்டைக் கருப்பாகத் தெரியும். தீட்டிய கட்டங்கள் ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை கூட்டுங்கள்: 28 + 9 + 11 + 18 + 10 + 4 = 80. விடை 80/120 = 2/3.

இந்த வழி ஏன் பாதுகாப்பானது? அட்டவணையின் உள்கட்டங்கள் எல்லாமே ஒன்றையொன்று விலக்கியவை. ஒரு வாடிக்கையாளர் ஒரே ஒரு கட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அட்டவணை போட்டவரே கடினமான வேலையைச் செய்துவிட்டார். நீங்கள் எண்ணினால் போதும். கேட்ட நிகழ்ச்சிகள் விலக்கினாலும் விலக்காவிட்டாலும் இந்த வழி கவலைப்படாது. ரொட்டி அல்லது தோசைக்கு இரண்டு நிரையும் தீட்டப்படும், எங்கும் இரட்டைக் கருப்பு இல்லை, 48 + 36 = 84, விடை 7/10. மூன்று நிகழ்ச்சிகள் கேட்டாலும் அதே வேலை: ரொட்டி, தோசை அல்லது தே தாரிக் என்றால் 84-உடன் நாசி லெமாக்கின் 10, இட்லியின் 4. மொத்தம் 98. இதையே சூத்திரத்தில் போடச் சொன்னால் மூன்று கூட்டல், மூன்று கழித்தல், மறுபடி ஒரு கூட்டல்.

செலவு என்ன என்றால், உள்கட்டங்கள் இல்லாவிட்டால் இந்த வழி செத்துவிடும். பெரிய அட்டவணையில், ஆறுக்கு ஏழு என்று போனால், ஒரு கட்டம் கண்ணிலிருந்து தப்பும். இரண்டாம் தாளில் வெறுமனே 80/120 என்று எழுதிவிட்டு நகர்கிறவர்களும் உண்டு. கூட்டிய வரியை எழுதிக் காட்டினால்தான் செய்முறை மதிப்பெண்ணுக்கு வழி.

சதவீத அட்டவணையில் வேறொரு பொறி. மேலே உள்ள கட்டங்களை முழுச் சதவீதமாக்கி அச்சிட்டால் தே தாரிக் நிரல் 23, 15, 8, 3 என்று வரும். கூட்டினால் 49. உண்மையில் 120-இல் 60 பேர், சரியாக 50 சதவீதம். கட்டம் கட்டமாக முழுமையாக்கியதில் ஒரு சதவீதம் காணாமல் போயிற்று. எண்ணிக்கை இருந்தால் எண்ணிக்கையிலேயே கூட்டி, கடைசியில் வகுக்க வேண்டும்.

வழி 2: கூட்டல் விதி

விலக்கும் நிகழ்ச்சிகளுக்கு இரண்டு நிகழ்தகவுகளையும் கூட்டு. விலக்காதவற்றுக்கு இரண்டையும் கூட்டி, இரண்டும் சேர்ந்து நடக்கும் நிகழ்தகவைக் கழி. நம் கணக்கில் 48/120 + 60/120 − 28/120 = 80/120.

கணித உலகில் இந்த விதிக்குத்தான் மரியாதை. 1933-இல் ரஷ்யக் கணிதர் கொல்மகோரோவ் நிகழ்தகவுக்கு அடிப்படைக் கோட்பாடுகளை வகுத்தபோது, விலக்கும் நிகழ்ச்சிகளைக் கூட்டலாம் என்பதை அடித்தளமாகவே வைத்தார். கழிக்கிற வடிவம் அதிலிருந்து வருவித்தது: ரொட்டியோடு தே தாரிக், ரொட்டி மட்டும், தே தாரிக் மட்டும் என்று மூன்று துண்டுகளாக வெட்டினால் அவை ஒன்றையொன்று விலக்கும், பிறகு கூட்டல்தான். வழி 1-இல் பென்சில் செய்ததும் இதைத்தான். ஆக இரண்டு விதிகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கழிக்கும் வடிவம் ஒன்றே போதும். விலக்கும் நிகழ்ச்சி என்றால் கழிப்பது 0.

சூத்திரம் ஜெயிக்கும் இடம், அட்டவணையே இல்லாமல் நிகழ்தகவுகளை மட்டும் கொடுத்திருக்கும் கேள்வி. 'ரொட்டி 0.4, தோசை 0.3, ஓர் ஆள் இரண்டில் ஒன்றுதான் வாங்குவார்' என்று இருந்தால் 0.7 என்று ஒரே வரியில் முடிந்தது. திருத்துபவருக்கும் படிக்க எளிது.

ஆனால் இந்த வழி தவறைக் காட்டிக்கொடுக்காது. ரொட்டி அல்லது தே தாரிக் கேள்வியில் கழிக்க மறந்தால் 108/120, அதாவது 9/10. பார்க்க அழகான விடை! ஒன்றைத் தாண்டவில்லை, நால்விடைக் கேள்வியில் அந்த 9/10 ஒரு தெரிவாகவும் காத்திருக்கும். மூன்று நிகழ்ச்சிகளில் 48 + 36 + 60 = 144 என்று 120-ஐத் தாண்டினால் மணி அடிக்கும். இரண்டில் பெரும்பாலும் அடிக்காது.

இதைவிட நஞ்சான இன்னொரு தவறு உண்டு. கழிக்க வேண்டியதை அட்டவணையிலிருந்து எடுக்காமல், இரண்டு நிகழ்தகவையும் பெருக்கிக் கழிப்பது. சார்பற்ற நிகழ்ச்சிகளும் (ஒன்று நடப்பது மற்றதன் வாய்ப்பை மாற்றாதவை) விலக்கும் நிகழ்ச்சிகளும் ஒரே அத்தியாயத்தில் வருவதால் இரண்டும் மண்டையில் ஒட்டிக்கொள்கின்றன. தோசைக்கும் தே தாரிக்குக்கும் இதைச் செய்து பாருங்கள்: 0.3 + 0.5 − 0.15 = 0.65. அட்டவணை சொல்வது 36 + 60 − 18 = 78, அதுவும் 0.65. சரியாக வந்துவிட்டது, ஏனென்றால் இந்த அட்டவணையில் தோசையும் தே தாரிக்கும் சார்பற்றவை. அதே நம்பிக்கையில் ரொட்டிக்குப் போனால் 0.4 + 0.5 − 0.2 = 0.7; சரியான விடையோ 0.667. ஒரு கணக்கில் பலித்த தவறான வழியைப் பிள்ளையிடமிருந்து பிடுங்குவது பெரும்பாடு. ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள், இரண்டுக்குமே நடக்க வாய்ப்பு இருக்கும்வரை, சார்பற்றவையாக இருக்கவே முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்: ஒருவர் ரொட்டி வாங்கினார் என்று தெரிந்த நொடியே தோசையின் வாய்ப்பு 0.3-இலிருந்து 0-க்கு இறங்கிவிடுகிறது.

ஓர மொத்தங்கள் மட்டும் இருந்து உள்கட்டங்கள் அழிந்திருந்தால்? ரொட்டி அல்லது தோசைக்குக் கவலையில்லை, 48 + 36. ரொட்டி அல்லது தே தாரிக்குக்கு விடை சொல்லவே முடியாது, எல்லைதான் சொல்லலாம். ரொட்டிக்காரர் 48 பேருமே தே தாரிக் குடித்திருந்தால் மொத்தம் 60. ஒருவர்கூடக் குடிக்கவில்லை என்றால் 108. விடை 1/2-க்கும் 9/10-க்கும் நடுவில் எங்கோ. வினாத்தாளில் இப்படி வந்தால் மூன்றாவது தகவல் கேள்வி வாசகத்துக்குள் ஒளிந்திருக்கும், தேடுங்கள்.

வழி 3: வென் படம்

1880-இல் ஜான் வென் போட்ட வட்டங்கள். ரொட்டி மட்டும் 20, இரண்டும் 28, தே தாரிக் மட்டும் 32, வெளியே 40, கூட்டினால் 120. விலக்கும் நிகழ்ச்சிகளுக்கு வட்டங்கள் தொடாமல் நிற்கும், உள்ளே 48-உம் 36-உம், வெளியே 36.

படிவம் 4-இல் கணங்கள் 4-ஆம் அத்தியாயத்திலேயே வந்துவிடுவதால் பிள்ளைகளுக்குப் பழக்கமான படம். 'எத்தனை பேர் இரண்டும்', 'எத்தனை பேர் எதுவுமில்லை' என்று வாக்கியமாக வரும் கணக்குக்கு இதைவிட நல்லது கிடையாது. முழு அட்டவணை ஏற்கெனவே இருக்கும்போது வென் படம் வரைவது எனக்கு வேண்டாத வேலையாகத்தான் படுகிறது. பன்னிரண்டு கட்டத் தகவலை நான்கு பகுதியாகச் சுருக்குகிறோம், சுருக்கும்போது 48-ஐ அப்படியே வட்டத்துக்குள் எழுதிவிட்டு 28-ஐக் கழிக்க மறக்கிற வாய்ப்பையும் புதிதாக உண்டாக்குகிறோம். நேரமும் போகும்.

வழி 4: ஒன்றிலிருந்து கழிப்பது

நிரப்பி நிகழ்ச்சி, படிவம் 2-லேயே படித்தது. 'நாசி லெமாக் தவிர வேறு ஏதாவது' என்றால் மூன்று நிரையைக் கூட்ட வேண்டாம்; 1 − 24/120 = 4/5. ரொட்டி, தோசை அல்லது தே தாரிக் என்ற அந்த மூன்று நிகழ்ச்சிக் கணக்கில் தீட்டாத கட்டங்கள் நான்கே: 11, 3, 8, 0. கூட்டினால் 22. 120 − 22 = 98. எட்டு கட்டம் கூட்டுவதற்குப் பதில் நான்கு.

'தவிர', 'குறைந்தது ஒன்று' போன்ற சொற்கள் வந்தாலே இந்த வழியை நினைக்கலாம். ஆபத்து, எதிர்மறையைத் தப்பாகப் பிடிப்பது. 'ரொட்டி அல்லது தே தாரிக்' என்பதன் எதிர்மறை, ரொட்டியும் இல்லை, தே தாரிக்கும் இல்லை என்பது. 'ரொட்டி இல்லை, அல்லது தே தாரிக் இல்லை' என்று எடுத்தால் 28 பேர் கட்டத்தைத் தவிர மற்ற 92 பேரும் உள்ளே வந்துவிடுவார்கள். மொழியில் தடுமாறுகிற பிள்ளைகளுக்கு இந்த வழியை நான் முதல் வழியாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. அதற்கு வேறொரு பயன் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

வழி 5: மர வரைபடம்

இதுவரை ஓர் ஆள். இப்போது 120 பேரில் இரண்டு பேரை ஒருவர் பின் ஒருவராக எடுக்கிறோம், இருவரும் ஒரே பானம் குடித்தவர்களாக இருக்க நிகழ்தகவு என்ன என்று கேட்டால், கட்டங்களை எண்ணிப் பயனில்லை. ஒவ்வொரு கட்டமும் ஓர் ஆளைத்தான் எண்ணுகிறது. இங்கே மரம்தான் சரி.

மூன்று கிளைப் பாதைகள் நமக்கு வேண்டும்: தே தாரிக் பிறகு தே தாரிக், கோப்பி பிறகு கோப்பி, மைலோ பிறகு மைலோ. ஒரே நேரத்தில் இரண்டு பாதையில் போக முடியாது. ஆகவே பாதைகள் ஒன்றையொன்று விலக்குகின்றன. பாதைக்குள்ளே பெருக்கல், பாதைகளுக்கு இடையே கூட்டல். முதல் ஆள் திரும்பக் கூட்டத்துக்குப் போகாததால் இரண்டாவது முறை பின்னத்தின் கீழ் எண் 119:

60/120 × 59/119 + 40/120 × 39/119 + 20/120 × 19/119 = (3,540 + 1,560 + 380) / 14,280 = 5,480/14,280 = 137/357, ஏறக்குறைய 0.384.

தவறு நடப்பது எப்போதும் இரண்டு இடத்தில். 119-க்குப் பதில் மறுபடி 120 போடுவது ஒன்று. 'ஒருவர் ரொட்டி, ஒருவர் தோசை' என்று கேட்கும்போது ரொட்டி–தோசை பாதையை மட்டும் எடுத்து, தோசை–ரொட்டி பாதையை மறப்பது மற்றொன்று; விடை சரிபாதியாகிவிடும். ஓர் ஆள் கேள்விக்கு மரம் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நான்கு சாப்பாடு, மூன்று பானம், பன்னிரண்டு கிளை, அரைப் பக்கம் காலி. அந்தப் பன்னிரண்டு கிளையும் அட்டவணையில் பன்னிரண்டு கட்டமாக ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| வழி | வேண்டிய தகவல் | வேகம் | மறைந்திருக்கும் செலவு | எப்போது எடுக்கலாம் |
|---|---|---|---|---|
| கட்டங்களை எண்ணுவது | உள்கட்டங்கள் எல்லாம் | வேகம் | பெரிய அட்டவணையில் கட்டம் விடுபடும்; முழுமையாக்கிய சதவீதத்தில் பிழை | முழு அட்டவணை, ஓர் ஆள் |
| கூட்டல் விதி | இரண்டு மொத்தங்கள், வெட்டும் கட்டம் | மிக வேகம் | கழிக்க மறந்தாலும் விடை நம்பும்படி இருக்கும் | நிகழ்தகவுகள் மட்டும் கொடுத்தால். ஓர மொத்தம் மட்டும் இருந்து நிகழ்ச்சிகள் விலக்கினால் |
| வென் படம் | இரண்டு மொத்தங்கள், வெட்டு | மெது | மொத்தத்தை 'மட்டும்' இடத்தில் எழுதுவது | வாக்கியக் கணக்கு, அட்டவணை இல்லை |
| ஒன்றிலிருந்து கழிப்பது | எதிர்மறைக் கட்டங்கள் | மிக வேகம் | எதிர்மறையைத் தப்பாகப் படிப்பது | 'தவிர', 'குறைந்தது ஒன்று' |
| மர வரைபடம் | ஓர மொத்தங்கள் | மெது | 119, விடுபட்ட பாதை | இரண்டு ஆள் அல்லது அதற்கு மேல் |

அப்படியென்றால் யாருக்கு எது?

கணக்கில் பயம் உள்ள பிள்ளைக்கு வழி 1-ஐ மட்டும் கொடுங்கள், பெற்றோரே. பென்சில் தீட்டலில் நாலைந்து அட்டவணை போட்டுப் பழகட்டும். 'அல்லது' என்றால் எந்தக் கட்டங்கள் என்பது கண்ணுக்குப் பழகின பிறகு சூத்திரம் தானாகப் புரியும். தலைகீழாகச் சொல்லிக் கொடுத்தால் சூத்திரம் மட்டும் நிற்கும், அதில் கழித்தல் குறி முதலில் உதிரும்.

ஏ பிளஸ் குறிவைக்கிறவருக்கு அறிவுரை வேறு. அவர் ஐந்தையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும், கேள்வி வாசகம் எதைக் கேட்கிறது என்று பார்த்து மாற வேண்டும். 'மர வரைபடம் வரைந்து' என்றோ 'வென் படத்தைப் பயன்படுத்தி' என்றோ கேள்வியே சொல்லிவிட்டால் விவாதம் முடிந்தது. நம் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை. கூடுதல் கணிதம் எடுப்பவர்களுக்குச் சூத்திர எழுத்துமுறை கைவந்தாக வேண்டும், ஏனென்றால் ஐந்தாம் படிவத்து நிகழ்தகவுப் பரவலில் எண்ணுவதற்குக் கட்டங்களே இருக்காது.

கல்லூரியிலோ அலுவலகத்திலோ எக்செல் வைத்துப் போடுகிறவர்கள் கவனிக்க: ரொட்டி எத்தனை என்று ஒரு எண்ணல் கட்டளை, தே தாரிக் எத்தனை என்று இன்னொன்று, இரண்டையும் கூட்டினால் 108-தான் வரும். கணினி எச்சரிக்காது. இரண்டு நிபந்தனையும் சேர்ந்த எண்ணிக்கையைத் தனியாக எடுத்துக் கழியுங்கள், அல்லது பைவட் அட்டவணை போட்டு வழி 1-க்குத் திரும்புங்கள்.

சரிபார்க்கத்தான் நான்காவது வழி. தீட்டிய கட்டங்களைக் கூட்டி விடை எழுதியதும், தீட்டாத கட்டங்களையும் ஒரு முறை கூட்டுங்கள். ரொட்டி அல்லது தே தாரிக்குக்கு 12, 6, 11, 3, 8, 0, மொத்தம் 40. 80 + 40 = 120. பத்து விநாடி வேலை. 120 வராவிட்டால் ஏதோ ஒரு கட்டம் இரண்டு முறை சேர்ந்திருக்கிறது, அல்லது ஒன்று விட்டுப்போயிருக்கிறது. 120-ஐவிட 28 கூடுதலாக வந்தால் எது என்று தேட வேண்டிய வேலைகூட இல்லை.